ஓர் ஆசிரியருக்கு என்ன விலை?

மும்பையிலுள்ள வேதித் தொழில்நுட்பக் கழகத்துக்கு ரூ.151 கோடியை நிபந்தனையின்றி வழங்குவதாக 2025 ஜூனில் அறிவித்தார் முகேஷ் அம்பானி. அங்கு தமக்குக் கற்பித்த பேராசிரியர் மன் மோகன் சர்மாவுக்குச் செலுத்தும் குருதட்சிணை அது என்றார். அந்தத் தொகையைவிட அந்த ஆசிரியர் நம் கவனத்துக்கு உரியவர்.

1937-இல் ஜோத்பூரில் பிறந்த சர்மா, அக்காலத்தில் பம்பாய் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக இருந்த இதே நிறுவனத்தில் வேதிப் பொறியியல் பயின்றார். கேம்பிரிட்ஜில் பீட்டர் டாங்க்வெர்ட்ஸின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். 1964-இல் தாயகம் திரும்பி, 27-ஆம் வயதில் தாம் பயின்ற துறையிலேயே பேராசிரியரானார்.

அவரது ஆய்வு தொழிற்சாலைகளின் அன்றாடத் தேவையோடு தொடர்புடையது. உர ஆலைகளில் ஹைட்ரஜனோடு கலந்துவரும் கரியமில வாயுவைக் காரக் கரைசலில் கரையச்செய்து பிரிப்பதுண்டு. வாயுவும் திரவமும் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடினால் கரையும் வேகமும் கூடும். குமிழிகள் கொந்தளிக்கும் கலனுக்குள் அப்பரப்பை எப்படி அளப்பது? வேகம் முன்பே அறியப்பட்ட ஒரு வேதிவினையை உள்ளே நிகழச்செய்து, உறிஞ்சப்பட்ட வாயுவின் அளவிலிருந்து பரப்பைக் கணக்கிடலாம். இம்முறையைச் செழுமைப்படுத்தியதில் டாங்க்வெர்ட்ஸ், சர்மா இருவருக்கும் பெரும்பங்கு உண்டு. கலன் தேவைக்கு மேல் பெரிதானால் முதலீடு வீண். சிறிதானால் உற்பத்தி குறையும். அந்த அளவை ஊகத்துக்கு விடாமல் கணக்கால் தீர்மானிக்க இத்தகைய ஆய்வுகள் வழிசெய்தன.

எல்.கே.துரைசாமியுடன் இணைந்து வேதிவினைகள் குறித்து அவர் எழுதிய இரு தொகுதி நூல் 1984-இல் வெளிவந்தது. 1990-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1989 முதல் 1997 வரை துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். 2001-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

ஒருவரது உழைப்பின் பயன், அதற்கு விலை கொடுக்காத பிறரையும் சென்றடைவதைப் பொருளியலார் புறப்பயன் என்பர். நல்லாசிரியரின் பணி அதற்குச் சிறந்த சான்று. மாணவர்கள் பின்னாளில் நிறுவும் ஆலைகளும் நடத்தும் ஆய்வுகளும் ஆசிரியரின் ஊதியக் கணக்கில் இடம்பெறுவதில்லை. அப்பயனுக்குச் சந்தை உரிய விலை தராது என்பதால்தான் உயர்கல்வியில் பொதுப்பணம் இன்றியமையாததாகிறது.

சர்மாவின் ஆற்றலும் அரசுப் பல்கலைக்கழகம் அளித்த பதவியில்தான் மலர்ந்தது. இன்றோ அத்தகைய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தற்காலிக ஆசிரியர்கள் குறைந்த ஊதியத்தில் காலம் தள்ளுகின்றனர். நன்றியுள்ள மாணவர் கோடிகளைத் திருப்பித் தரலாம். ஆனால், 27 வயது இளைஞரை நம்பிப் பேராசிரியராக்கும் துணிவு அரசிடமிருந்தும் பல்கலைக்கழகத்திடமிருந்தும்தான் வரவேண்டும்.