மலைச்சோறு – 9: உமி யார் கையில்?

சென்ற வாரம் கொல்லிமலையில் மரவள்ளி வந்து சாமையைத் தள்ளிய கதையைப் பார்த்தோம். ஜவ்வாது மலையில் சாமை அவ்வளவு சுலபமாக இடம் விடவில்லை. போளூர் பக்கமிருந்து ஏறினாலும் ஆலங்காயம் பக்கமிருந்து ஏறினாலும், மலையாளிப் பழங்குடியினரின் மேட்டுநிலங்களில் இன்றும் முக்கியமான மானாவாரிப் பயிர் அதுதான். ஆனி, ஆடி மழைக்கு விதைத்தால் ரகத்தைப் பொறுத்து மூன்று, நான்கு மாதத்தில் அறுப்பு. அத்தியந்தல் சிறுதானிய மையம் 2019-ல் கொடுத்த ஏ.டி.எல்.1 ரகம் மூன்று மாதத்துக்குள்ளேயே வந்துவிடும்.

விளைகிற வீட்டில் உலை கொதிப்பதோ பெரும்பாலும் ரேஷன் அரிசிக்கு. இதில் அந்த மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் அந்த அரிசி இலவசம். சாமையை அரிசியாக்க உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் வேலை. இலவச அரிசி அவர்களுக்குச் சோற்றோடு கொஞ்சம் ஓய்வையும் கொடுத்தது. ‘பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்களே’ என்று நகரத்தில் உட்கார்ந்து வருத்தப்படுகிறவர்கள் ஒருநாள் உலக்கை பிடித்துப் பார்க்கலாம்.

உரல் போனால் மில் வர வேண்டும். நெல் அரைக்கும் மில்லில் சாமையைப் போட முடியாது; மணி அவ்வளவு பொடிசு. இதற்கென்றுள்ள இயந்திரம் தானியத்தைச் சுழற்றி வேகமாகச் சுவரில் அடிக்கிறது. அந்த அடியில் உமி பிளக்கிறது. காற்று உமியைத் தள்ளிவிடும். அதற்கு முன்னால் கல், மண் எடுக்கத் தனி இயந்திரம், மணிகளை அளவு வாரியாகப் பிரிக்கச் சல்லடை. வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உமியோடு மணி. நூறு கிலோ சாமை போட்டால் அறுபது, அறுபத்தைந்து கிலோ அரிசி கிடைக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அந்த அரிசி நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். உமியோடு இருக்கும்வரை வருடக்கணக்கில் கெடாது.

விலையின் கதையும் இங்கேதான் இருக்கிறது. மலையில் மில் இல்லாதவரை விவசாயி உமியோடு விற்றாக வேண்டும், அதுவும் அறுத்த கையோடு. மேலே வரும் வியாபாரி சொல்வதே விலை. கீழே போய் உமி நீங்கிப் பாக்கெட்டில் ஏறியதும் அது ‘ஆரோக்கிய உணவு’ ஆகி வேறு விலைக்குப் போகிறது. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஆனால் மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சாமை இன்றும் கிடையாது. கேழ்வரகுக்கு 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சாமைக்காரர் காட்ட அப்படி ஒரு காகிதம் இல்லை. சத்தீஸ்கர் அரசு 2021-ல் சாமைக்கும் வரகுக்கும் தானே விலை அறிவித்து வாங்கத் தொடங்கியது. தமிழ்நாடும் செய்யலாம்.

நிலம் கைகொடுக்காத வீட்டில் ஆண்கள் வெளியூர்க் கூலிக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. உணவைப் பற்றிய தொடரில் இது எதற்கு என்று கேட்கலாம். சாமைக்குச் சரியான விலை கிடைத்திருந்தால் அவர்கள் போயிருக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரகர் நீட்டும் முன்பணத்தை வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஏதாவது இருந்தாக வேண்டும்.

ஜமுனாமரத்தூரில் இப்போது மலை விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குகிறது. சாமை, புளி, தேன் என்று வாங்கிப் பக்குவப்படுத்தி விற்கிறது. 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் சேர்ந்த ஏற்பாடு இது. பத்துப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் சென்னைக்குப் பாக்கெட் அனுப்புவதோடு நின்றுவிட்டால் அது வியாபாரம், அவ்வளவுதான். மலைப் பிள்ளைகளின் தட்டுக்கும் சாமை வர வேண்டும்.

மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. 200 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியில் வாரம் இரண்டு வேளை, தலைக்கு 100 கிராம் சாமை அரிசி என்று கணக்குப் போடுங்கள். 40 வாரத்துக்கு 1,600 கிலோ. உமியோடு சுமார் இரண்டரை டன். ஏக்கருக்கு ஐந்து குவிண்டால் என்றால், ஐந்து ஏக்கர் விளைச்சல். ஒரு சிற்றூரே கொடுத்துவிடும். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் உணவுதானியம் என்றே சொல்கிறது. 2023-ல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தமிழக அரசு தொடங்கியதே, அந்த வழி சாமைக்கும் திறக்கும். விலையை அறுப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பணம் தாமதமானால் மூட்டை மறுபடி வியாபாரியிடம்தான் போகும்.

ஒடிசாவின் கேந்துஜர் மாவட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கேழ்வரகு லட்டு வந்த கதை அடுத்த வாரம்.