வயிற்றினுள் நோக்கும் கண்கள்

வயிற்றுவலி என்றால் ஓமநீர் கொடுத்துக் காத்திருக்கிறோம். பல வாரங்கள் நீடிக்கும் வலிக்கு அது போதாது.

1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டும். கல்லீரலினுள் இருக்கும் கட்டியைக் காட்டாது. அல்ட்ராசவுண்ட் கருவியோ, செவிக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, எதிரொலியைப் படமாக்குகிறது. பித்தப்பைக் கல்லும் கல்லீரல் கட்டியும் அதில் தென்படும். குடலிலுள்ள காற்று ஒலியைத் தடுப்பதால், பின்னே கிடக்கும் கணையம் சில வேளை மறைந்துவிடும். அப்போது சி.டி. ஸ்கேன், வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கினாற்போல் உடலின் குறுக்குவெட்டைக் கத்தியின்றியே காட்டும். 1971இல் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த கருவி இதுவே.

கட்டிகள் யாவும் புற்றுநோயல்ல. சிறிது திசுவை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தே மருத்துவர் பெரும்பாலும் உறுதிசெய்வர். புற்றுநோயே ஆயினும், சிறிதாக இருக்கையில் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி.

ஆதலின் மாணவச் செல்வங்களே, வலியை மறைக்கும் பெற்றோரை மருத்துவமனைக்குச் செல்லுமாறு அன்புடன் வற்புறுத்துவோமாக!