ஏழாம் மாதம் எல்லை தாண்டும்போது

விழிஞ்ஞம் கடற்கரையில் மருமகளுக்கு ஏழாம் மாதம் பிறந்தால், பலகாரப் பாத்திரங்களோடு தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவார்கள். பெண்ணின் ஊர் பூவாறோ பொழியூரோ என்றால் சின்னப் பயணம். வள்ளவிளை, தூத்தூர், குளச்சல் என்றால் கேரள எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போக வேண்டும். 1956-க்கு முன்பு ஒரே நிலமாக இருந்த கடற்கரை இது. கொண்டான் கொடுத்தான் உறவு இன்றும் அறுபடவில்லை. அறுபடுவது அந்தப் பெண்ணின் மருத்துவக் கணக்குதான்.

கர்ப்பத்தின் மூன்றாம் கட்டம் 28-வது வாரத்தில் தொடங்குகிறது. குழந்தை ஏறக்குறைய 1 கிலோ இருக்கும்; கண்ணைத் திறந்து மூடும். தாய்க்கு நெஞ்செரிச்சல், இடுப்புவலி, மூச்சுவாங்கல், தூக்கமின்மை. வயிறு அவ்வப்போது கல்போல் இறுகித் தளரும். அது சீரான இடைவெளியில் வந்து வலுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றை எந்த வீட்டிலும் மூத்த பெண்கள் சொல்லித் தந்துவிடுவார்கள்.

அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஏறுவது ரத்த அழுத்தம். கால் வீங்கினால், "நீருதான் மக்களே, உப்பைக் கொற" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். கால்வீக்கம் பலருக்கும் வருவதுதான். முகமும் கையும் வீங்கி, தலைவலி விடாமல் நின்று, கண் மங்கி, மேல்வயிறு வலித்தால் அது வேறு. உப்பைக் குறைத்தும் பார்லித் தண்ணீர் குடித்தும் அதைத் தடுக்க முடியாது. ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலே மருத்துவர் கண்காணிப்பு தேவை.

அந்த எண்ணுக்கு முன்பே ஒரு எச்சரிக்கை உண்டு. ஐந்தாம் மாதத்தில் 100/60 இருந்தவளுக்கு இப்போது 130/84 என்றால் ஏதோ ஏறிக்கொண்டிருக்கிறது. பழைய சீட்டு இல்லாமல் புது ஊரில் அவளைப் பார்க்கும் மருத்துவருக்கு 130/84 சாதாரண அளவாகவே தெரியும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? முந்தைய அளவு அவர் கையில் இல்லையே.

பிரசவத் தேதியும் இப்படித்தான் குழம்புகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சில நாள் வித்தியாசத்தில் தேதி சொல்லும். 28 வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக எடுத்தால் மூன்று வாரம்வரை பிசகலாம். குழந்தை வளரவில்லையா, தேதிதான் தவறா என்று அப்புறம் பிரித்தறிவது கடினம்.

நெகட்டிவ் ரத்தப் பிரிவுப் பெண்ணுக்கு ஆன்டி-டி ஊசி போடுவதும் 28-வது வாரத்தில். சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். ஹீமோகுளோபினைத் திரும்பப் பார்க்க வேண்டியதும் இப்போதுதான். இங்கே "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். அங்கே "மாமியார் வீட்டில் பார்த்திருப்பார்கள்" என்கிறார்கள். எனக்குப் பெரும் பயம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

மீன்சட்டி சுமந்த உடம்புக்குத் தாய்வீட்டில்தான் ஓய்வு கிடைக்கும் என்கிறார்கள் பெரியவர்கள். அது உண்மை, போகட்டும். ஆனால் மூன்றாம் கட்டத்தில் பரிசோதனைகளை நெருக்கமாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2018-20 கணக்கெடுப்பில் 1 லட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தாய் மரணம் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதற்கும் 97. கேரளத்தில் 2004 முதல் தாய் மரணங்களை, யார்மீதும் குற்றம் சுமத்தாமல், ரகசியமாக ஆராய்ந்து வருகிறார்கள். பிரசவ ரத்தப்போக்கும் ரத்த அழுத்தமும் உயிர் பறிக்கும் முக்கியக் காரணங்களாக அங்கே திரும்பத் திரும்ப வருகின்றன.

எனவே பலகாரம் வருவதற்கு முன்பே தாய்-சேய் அட்டை, முதல் ஸ்கேன், ரத்தப் பிரிவு, சர்க்கரை முடிவு, இதுவரை பார்த்த ரத்த அழுத்த அளவுகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் பெண்ணின் போனிலும் கணவர் போனிலும் வைத்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் இறங்கிய வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம், கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணான பிக்மி எண்ணுக்குப் பதிய வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள். மாதந்தோறும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை இரு மாநிலத்திலும் உண்டு.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றே போக வேண்டும். விழிஞ்ஞத்திலும் குளச்சலிலும் ஆண்கள் நாள்கணக்கில் கடலில் இருப்பார்கள். "அவர் கரைக்கு வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். கணவர் வள்ளம் ஏறும் முன்பே எந்த ஆஸ்பத்திரி, யார் கூடப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 108 என்ற ஒரே எண்தான்.