மூலப் படமும் கடல் கடந்த படமும்

ஒரு நூலைக் கற்கப் புகும்போது மூலம் என்றும், பாடபேதம் என்றும், இடைச்செருகல் என்றும் நாம் வகுத்துப் பேசுவது வழக்கம். பாடியவர் ஒருவர், ஏட்டிற் படியெடுத்தவர் மற்றொருவர், இடையே புகுந்து தம் சொல்லை வைத்தவர் வேறொருவர். இவர்களைப் பிரித்தறிதல் கற்பார்க்கு முதற் கடமையாகும். இக்கடமை ஏட்டுச் சுவடியோடு நின்றுவிடுவதன்று. திரைப்படத்தைக் காண்பார்க்கும் உண்டு. இதனை ஜப்பான் தேசத்துப் படம் ஒன்றின் வரலாற்றால் விளக்கப் புகுகின்றேன்.

1958ஆம் ஆண்டில் ஜப்பானியப் படக்கொட்டகைகளிற் புகுந்தோர் தொகை 112 கோடிக்கு மேற்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டில் அத்தொகை 19 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி வந்தமை இதற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று. பழம்பெரும் படக்கம்பெனிகள் தள்ளாடின. தையேய் கம்பெனி 1971ல் முறிந்துபோயிற்று; நிக்கத்ஸு கம்பெனி அவ்வாண்டிலேயே சிற்றின்பப் படங்களைத் தொழிலாகக் கொண்டது. வீட்டுப் பெட்டி எதனைக் காட்ட நாணுமோ அதனைக் காட்டினாலன்றிக் கொட்டகை நிறையாது என்று முதலாளிகள் கணக்கிட்டனர். குருதியும் காமமும் விலைச்சரக்காயின. கீழான ஆவலைக் கிளறிப் பொருள் தேடும் படங்கள் என்று இவற்றைச் சொல்லலாம். இவற்றுட் பல மறக்கத்தக்கனவே. எனினும் கைதேர்ந்த கலைஞர் சிலரும் இத்தகைய படங்களை எடுத்தே பிழைக்க நேர்ந்தமையால், தாழ்ந்த சரக்கினிடையே உயர்ந்த வேலைப்பாடும் கலந்து கிடக்கின்றது.

அத்தகையதொன்று 'கோஸுரே ஓகாமி' என்னும் படவரிசை. குட்டியோடு திரியும் ஓநாய் என்பது அப்பெயரின் கருத்து. கொய்கே கஸுவோ எழுதக் கொஜிமா கோசெகி வரைந்து, 1970 முதல் 1976 வரை வெளிவந்த படக்கதையே இதற்கு மூலம். 1972 முதல் 1974 வரை ஆறு படங்கள் தோன்றின. நடிகர் கத்ஸு ஷின்தாரோவின் சொந்தக் கம்பெனி அவற்றை எடுத்தது. அவர் தமையனார் வகயாமா தோமிஸபுரோ கதாநாயகராக நடித்தார். ஆறனுள் நான்கினை இயக்கியவர் மிஸுமி கென்ஜி. இவர் முறிந்துபோன தையேய் கம்பெனியில் நெடுங்காலம் தொழில் செய்தவர்.

கதை வருமாறு: ஓகாமி இத்தோ என்பவன் ஷோகனிடத்தில் ஓர் அரிய பதவி வகித்தவன். தண்டனை பெற்ற தலைவர்கள் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொள்ளும்போது, பின்னின்று தலையைத் துணிப்பது அவன் கடமை. அப்பதவியை விரும்பிய யாக்யூ குலத்தார் சூழ்ச்சி செய்து, அவன் மனைவி கொலையுண்ணவும் அவன் துரோகியெனப் பழி சுமக்கவும் செய்தனர். அவன் தன் பச்சிளங் குழந்தை தைகோரோவின் முன்னே ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கின்றான். குழந்தை பந்தைத் தொடுமாயின் இறந்த தாயினிடம் அனுப்பிவிடுவதென்றும், வாளைத் தொடுமாயின் தன்னோடு கொண்டுசெல்வதென்றும் முடிவு. குழந்தை தவழ்ந்து சென்று வாளைப் பற்றுகின்றது. அதன்பின் தந்தை, கூலிக்குக் கொலை செய்பவனாய், குழந்தையை மரவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிகின்றான்.

நிற்க, இக்கதை கடல் கடந்த விதத்தை நோக்குவோம். 1980ல் ராபர்ட் ஹூஸ்டன் என்னும் அமெரிக்கர், முதற் படத்திலிருந்து ஏறக்குறைய 12 நிமிஷக் காட்சியை மட்டும் எடுத்து, எஞ்சியதை இரண்டாம் படத்தினின்று வெட்டி ஒட்டி, 'ஷோகன் அஸாஸின்' என்னும் ஒரே படமாக்கினார். இரண்டு படங்களும் சேர்ந்தால் இரண்டரை மணிக்கு மேல் ஓடும். புதியது ஒன்றரை மணிக்குள் முடிந்தது. ஜப்பானிய இசை நீக்கப்பட்டு மின்னிசை புகுத்தப்பட்டது. பேச்செல்லாம் ஆங்கிலமாயிற்று. ரோஜர் கார்மனின் நியூ வோர்ல்டு கம்பெனி அதனை வெளியிட்டது.

இதில் இழந்தது யாது? மூலத்தில் பகைவர் யாக்யூ குலத்தார். பகைக்குக் காரணம் ஒரு பதவியின்மேற் கொண்ட ஆசை. மாற்றத்திலோ பித்துக்கொண்ட ஷோகன் ஒருவனே பகைவனாகிவிட்டான். மூலத்தின் இரண்டாம் படத்தில், அவா நாட்டாரின் அவுரிச் சாயத் தொழில் இரகசியத்தை ஷோகனது அரசாங்கத்திற்கு வெளியிடப் போகும் ஒருவனைக் கொல்லவே ஓகாமி அமர்த்தப்படுகின்றான். அவா நாட்டு நீலச் சாயம் சரித்திரத்திற் புகழ்பெற்றது. அதன் வாணிகமே அந்நாட்டின் செல்வம். மாற்றத்திலோ கொல்லப்படவேண்டியவன் ஷோகனின் உடன்பிறந்தானாகிவிட்டான். ஒரு நாட்டின் பிழைப்பைப் பற்றிய கதை, ஒரு கொடுங்கோலனின் குடும்பத்தைப் பற்றிய கதையாயிற்று. கொலைக்குரிய காரணம் சுருங்கக் கொலை மட்டும் பெருகி நின்றது.

ஆயினும் பெற்றது ஒன்றுண்டு. மூலத்தில் தைகோரோ பெரும்பாலும் வாய்திறவான். மாற்றத்தில் அக்குழந்தையே கதை சொல்லுகின்றது. தந்தையின் வாளுக்கு இரையானோரை எண்ணி வைத்துக்கொள்வதும் அதுவே. அறியாப் பருவத்துக் குரல் அக்கணக்கைச் சொல்லக் கேட்கும்போது, குருதிக் காட்சியைக் கண்டு களிக்க வந்தவனும் ஒரு கணம் நெஞ்சு நடுங்குவான். இஃது இடைச்செருகலே, ஆனால் உயிருள்ள இடைச்செருகல். அக்குரலை ஜிஸா என்னும் அமெரிக்கப் பாடகர் 1995ல் தம் இசைத்தட்டில் எடுத்தாண்டார். 2004ல் வெளிவந்த 'கில் பில்' இரண்டாம் பாகத்தில், ஒரு தாயும் மகளும் உறங்குமுன் காணும் படம் இதுவே.

இவ்வாறு புகழ் பரவிய காலத்தில், மேனாட்டார் பலர்க்கு இதுவே மூலமாய்த் தோன்றியிருக்கும். மிஸுமி கென்ஜியோ 1975லேயே இறந்துவிட்டார். தம் படம் கடலுக்கப்பால் வேறு வடிவிலே வாழப்போவதை அவர் அறியார். கண்ணைக் கவரும் ஒவ்வொரு காட்சியும் அவர் அமைத்தது. இயக்குநர் என்ற புகழோ பிறர்க்கும் பங்காயிற்று. ஏட்டில் தன் பெயரைப் பொறிக்காது போன புலவனுக்கு நேர்வதும் இதுவன்றோ?

2016ல் கிரைடீரியன் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆறு படங்களையும் செப்பஞ்செய்து வெளியிட்டபோது, 'ஷோகன் அஸாஸின்' படத்தையும் அதே பேழையில் வைத்தது. மூலத்தைக் காட்டி மாற்றத்தை ஒழிக்கவில்லை. மாற்றத்தைப் போற்றி மூலத்தை மறைக்கவுமில்லை. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடியில் காட்டுவது போல்வதே இச்செயல். மாற்றுவோன் கை எது, ஆக்கியோன் கை எது என்று காண்பார் அறியுமாறு செய்துவிடின் மாற்றத்திற் பெருங் குற்றமில்லை. ஆக்கியோன் பெயர் மறைவதே குற்றம். மலிந்த சரக்கென்று தள்ளப்பட்ட படத்திற்கும் இந்நீதி உரியது என்பதே என் சிறு கருத்து.