ஆர்க்கிட் வேர் அழுகிப்போச்சா... ரூட்டிங் பவுடர் காப்பாற்றுமா?

பரிசாக வந்த ஆர்க்கிட் செடி, பூ உதிர்ந்த சில மாதங்களில் இலை சுருங்கித் தொங்கும். தண்ணீர் போதவில்லை என நினைத்துப் பலரும் இன்னும் ஊற்றுவார்கள். அதிலும் தேறாவிட்டால், ரோஜா குச்சி நட வாங்கிய ரூட்டிங் பவுடரை எடுத்துத் தொட்டியில் தூவுவார்கள். இரண்டுமே பலன் தராது.

முதலில் செடியை வெளியே எடுத்து வேரை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பொசுக்கென்று அமுங்கி, தோல் உருவிக்கொண்டு நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால், அந்த வேர் செத்துவிட்டது. எந்த ஹார்மோனும் அதை மீட்காது. நல்ல வேர் நான்கைந்து இருந்தாலும் பவுடர் தேவையில்லை. அழுகியதை வெட்டிவிட்டு, புதிய மரப்பட்டை அல்லது கரித்துண்டில் நட்டாலே போதும்.

வேரே இல்லாமல், தண்டு மட்டும் பச்சையாகக் கெட்டியாக இருக்கிறதா? அங்கேதான் பவுடருக்கு வேலை. இதில் பெரும்பாலும் இருப்பது ஐ.பி.ஏ. அல்லது என்.ஏ.ஏ. என்ற ஆக்ஸின் வகை ஹார்மோன். புதிய வேர் கிளம்பத் தூண்டும். ஆனால், ஆர்க்கிட்டில் வேர் தண்டிலிருந்துதான் வரும். ஃபெலனாப்சிஸ் இலையைக் கிள்ளி எவ்வளவு பவுடரில் தோய்த்து நட்டாலும் செடி வராது. இலையை விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கத்தரியை நெருப்பில் காட்டி, ஆறியதும் அழுகலை வெட்டுங்கள். வெட்டிய இடம் ஒரு நாள் காயட்டும். பிறகு மென்மையான குச்சிகளுக்கான, வீரியம் குறைந்த பவுடரை, தண்டின் அடியில் மட்டும் லேசாகத் தொட்டு வையுங்கள். அதிகம் பூசினால் வேர் வளர்ச்சியே தடைப்படும். பவுடரைத் தனி மூடியில் கொட்டிக்கொண்டு, கையுறை போட்டுச் செய்யுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம். குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது.

லேசாக ஈரமான பாசியில் செடியை நிறுத்தி, காற்று போக ஓட்டையிட்ட பிளாஸ்டிக் கவரால் மூடி, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் வையுங்கள். இலை வழியே நீர் வீணாகாமல் காப்பது இந்த ஈரக்காற்றுதான். என்னைக் கேட்டால், பவுடரைவிட இதற்கே அதிக மதிப்பெண். உரம் இப்போது வேண்டாம். பட்டைத்தூளை வேரில் தடவச் சொல்லும் வீடியோக்களையும் நம்ப வேண்டாம், அது வேரை உலர்த்திவிடும்.

சிலர் இளநீர் தெளிப்பார்கள். ஆய்வகத்தில் ஆர்க்கிட் விதை வளர்க்க இளநீர் பயன்படுவது உண்மை. அது கிருமியே இல்லாத கண்ணாடிக் குடுவைக்குள். பால்கனியில் அந்தச் சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சையும்தான் வரும்.

கடைகளில் கிடைக்கும் ‘கெய்கி பேஸ்ட்’ வேறு சமாச்சாரம். ஹவாய் மொழியில் கெய்கி என்றால் குழந்தை. அதிலுள்ள சைட்டோகைனின், பூத்தண்டின் கணுவில் குட்டிச் செடியை முளைக்கச் செய்யும், வேருக்கு உதவாது. ஏற்கெனவே நலிந்த செடிக்குப் பூசினால், மிச்சமிருக்கும் சக்தியும் குட்டிக்குப் போய்விடும். டென்ட்ரோபியம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. பழைய தண்டின் கணுவில் தானாகவே குட்டி வரும். அதன் வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் பிரித்து நடலாம்.

புதிய வேர் எட்டிப்பார்க்க வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும். பச்சையாகவோ செந்நிறமாகவோ பளபளக்கும் நுனி தெரிந்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆசையில் அந்த நுனியைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஒடிந்தால் அந்த வேர் அத்தோடு நின்றுவிடும்.