கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

ஊறுகாய் விட்டுப்போனதற்கு ரூ.35,000. சைவம் கேட்டவருக்கு அசைவம் போனதற்கு ரூ.1 லட்சம். அவசர உணவின் காலத்தில் ஆர்டர்கள் தடம் மாறுவது ஏன்? பழி யார் தலையில் விழுகிறது?

ஒரு ரூபாய் ஊறுகாய்ப் பொட்டலத்துக்காக யாராவது வழக்குப் போடுவார்களா? விழுப்புரத்தில் ஒருவர் போட்டார். 2022 நவம்பரில் ஓர் உணவகத்தில் அவர் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒன்று ரூ.80 வீதம் மொத்தம் ரூ.2,000. பிரித்துப் பார்த்தால் ஒன்றில்கூட ஊறுகாய் இல்லை. அதற்கான ரூ.25-ஐத் திருப்பிக் கேட்டார், கிடைக்கவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 2024-இல் வந்த உத்தரவு: மன உளைச்சலுக்கு ரூ.30,000, வழக்குச் செலவுக்கு ரூ.5,000, ஊறுகாய்க்கு ரூ.25.

செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு ஜோத்பூரில் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. சைவ உணவுக்கு ஆர்டர் கொடுத்தவருக்கு அசைவம் போய்ச் சேர்ந்தது. பிரபலமான ஓர் உணவகத் தொடருக்கும் அதைக் கொண்டுபோன டெலிவரி நிறுவனத்துக்கும் சேர்த்து ரூ.1 லட்சம் அபராதம் விதித்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மேல்முறையீடு செய்யப்போவதாக டெலிவரி நிறுவனம் அறிவித்தது. எங்கள் வேலை கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் என்பது இத்தகைய வழக்குகளில் வழக்கமாக எழும் வாதம்.

இந்தியாவில் தவறிப்போன ஓர் ஆர்டர் வெறும் ருசிப் பிரச்சினை அல்ல. வெங்காயம், பூண்டு சேர்க்காத சமண உணவு கேட்பவர் இருக்கிறார். முட்டை சாப்பிடாதவர் இருக்கிறார். மாட்டிறைச்சியைத் தொடாதவரும் பன்றி இறைச்சியைத் தொடாதவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். வேர்க்கடலை ஒவ்வாத குழந்தைக்கு ஒரு கரண்டிச் சட்னியே ஆபத்தாகலாம். மற்ற நாடுகளில் அலுத்துக்கொண்டு சாப்பிட்டுவிடும் பல தவறுகள் இங்கே மன்னிக்க முடியாதவை ஆகிவிடுகின்றன.

ஆறு கைகள்

பழைய சைவ ஓட்டல் சர்வரை நினைத்துப் பாருங்கள். இருக்கும் பலகாரங்களை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். நான்கு மேஜைகளின் ஆர்டரைத் தாளில் எழுதாமல் உள்ளே போய்ச் சொல்வார். ரவா தோசை கேட்டவருக்கு ரவா தோசையே வரும். அவருக்கு அபார ஞாபகசக்தி என்று நாம் வியந்திருக்கிறோம்.

ஞாபகசக்தி மட்டும் காரணம் அல்ல. மனித மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய தகவல்கள் ஏழுக்கு இரண்டு கூடலாம், குறையலாம் என்று 1956-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். 2001-இல் நெல்சன் கோவன் அதையும் குறைத்து, ஏறக்குறைய நான்குதான் என்றார். இதைத் தாண்டுபவர்கள் ஏதாவது ஓர் உத்தியைக் கையாள்கிறார்கள். 1988-இல் எரிக்சன், போல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 20 பேரின் ஆர்டர்களை எழுதாமலே நினைவில் வைத்திருந்த ஒரு வெயிட்டரை ஆராய்ந்தார்கள். அவர் ஆர்டர்களை வரிசையாக மனப்பாடம் செய்யவில்லை. வகைவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறி வைத்துக்கொண்டார்.

நம் சர்வருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆர்டர் கேட்டவரும் அவரே, கொண்டுவருபவரும் அவரே. முகமும் இருக்கையும் கண்முன்னே இருக்கின்றன. மாற்றி வைத்துவிட்டால் "இது நான் கேட்டதில்லை" என்று உடனே குரல் வரும். தட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடும். தவறு நடந்ததே அரை நிமிடத்தில் மறந்துபோகும்.

பார்சல் ஆர்டரில் இந்தச் சங்கிலி நீண்டுவிட்டது. நீங்கள் செல்போனில் தட்டுகிறீர்கள். அது உணவகத்தின் திரையில் விழுகிறது. அங்கிருந்து கே.ஓ.டி. எனப்படும் சமையலறைச் சீட்டாக மாறுகிறது. அதைப் படித்து ஒருவர் சமைக்கிறார், மற்றொருவர் பெட்டியில் அடைக்கிறார், வேறொருவர் பையில் போட்டுச் சீட்டை ஒட்டுகிறார். கடைசியில் டெலிவரி ஊழியர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ஏறக்குறைய ஆறு கைமாற்றம்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் 100-க்கு 99 சரியாக நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த முதலாளியும் பாராட்டும் வேலைத்திறன் இது. ஆனால் ஆறு கட்டங்களையும் தாண்டிப் பழுதில்லாமல் வெளியே வருவது 94 மட்டுமே. ஒரு இரவில் 300 பார்சல் போடும் கடையில் ஏறக்குறைய 18 பேருக்கு ஏதோ ஒன்று தவறிப்போகும். யாரும் சோம்பேறி அல்ல, யாரும் அலட்சியமாக இல்லை. அப்படியும் 18.

வாகனத்தில் உட்கார்ந்தபடியே ஆர்டர் செய்யும் அமெரிக்க டிரைவ்-த்ரூக்களைத் துறைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் அளந்து பார்க்கின்றன. சமீப ஆண்டுகளில் அங்கே துல்லியம் 85 முதல் 90 சதவீதத்துக்குள்தான் இருந்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக இதே தொழிலைச் செய்துவரும் நிறுவனங்களின் நிலையே இது.

'வேண்டாம்' என்ற சொல்

எந்த ஆர்டர் அதிகம் தவறும்? சாதாரண ஆர்டர் அல்ல, "வெங்காயம் வேண்டாம்", "காரம் குறைவாக", "சர்க்கரை தனியாக" என்று ஒட்டுச் சேர்த்தவைதான். காரணம் பழக்கம். ஒரு நாளைக்கு 200 முறை வெங்காயம் தூவிய கை 201-ஆவது முறை தூவாமல் நிற்க வேண்டும் என்றால், மூளை அந்த ஒரு நொடியில் குறுக்கே வந்து தடுக்க வேண்டும். கவனம் சற்றே பிசகினால் பழக்கம் ஜெயித்துவிடும். மனிதத் தவறுகளைப் பற்றி 1990-இல் முக்கியமான நூல் எழுதிய பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இந்த ரகத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். தெரியாதவர் செய்யும் தவறல்ல இது. நன்றாகத் தெரிந்தவர், கை பழகியவர் செய்யும் தவறு.

இரண்டாவது காரணம், ஒன்றைப்போல் ஒன்று இருப்பது. சிக்கன் 65, கோபி 65, பன்னீர் 65: மூன்றும் ஒரே சிவப்பு, ஒரே கறிவேப்பிலை, ஒரே அலுமினியப் பெட்டி. சைவ மோமோவும் கோழி மோமோவும் மூடிய பிறகு இரட்டைப் பிள்ளைகள். வெஜ் பிரியாணியின் அரிசிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது மூடியைத் திறந்து கிளறினால்தான் தெரியும். கடையில் விற்கும் பொட்டல உணவுகளுக்குப் பச்சைப் புள்ளி அடையாளம் 2001-இலேயே வந்துவிட்டது. சமையலறையிலிருந்து வெளியேறும் பெட்டியிலோ பல இடங்களில் பேனாவால் கிறுக்கிய ஒரு 'வி'தான் அடையாளம். ஆவி பட்டால் அதுவும் அழிந்துவிடும்.

மூன்றாவது, மொழி. இன்றைய நகர உணவகங்களில் கல்லாவில் இருப்பவர் ஒரு மாநிலம், அடுப்படியில் நிற்பவர் வேறு மாநிலம். சென்னையிலோ பெங்களூரிலோ தமிழில் கேட்டது, ஆங்கிலத்தில் அச்சாகி, வங்காளமோ நேபாளியோ ஒடியாவோ தாய்மொழியாகக் கொண்டவர் கையில் சமையலாகிறது. பலகாரத்தின் பெயர் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். சீட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "நோ கார்லிக்" பிழைப்பது கடினம்.

நான்காவது, நெரிசல். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரையிலும், இரவு எட்டிலிருந்து பத்து வரையிலும்தான் பெரும்பாலான ஆர்டர்கள் குவிகின்றன. ஒரே அடுக்களையில் பல பெயர்களில் உணவு தயாரிக்கும் கிளவுட் கிச்சன்கள் இந்தச் சிக்கலைப் பெருக்குகின்றன. ரெபல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் ஃபாசோஸ் ரோல், பெஹ்ரூஸ் பிரியாணி, ஓவன்ஸ்டோரி பீட்சா எல்லாம் ஒரே கூரையின் கீழ் தயாராகக்கூடியவை. வாடிக்கையாளருக்கு மூன்று கடைகள், பை கட்டுபவருக்கு ஒரே மேஜை.

வேகத்தின் விலை

இத்தனைக்கும் மேல் கடிகாரம் இருக்கிறது. மேல்நாட்டு பாணித் துரித உணவகங்கள் 1990-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்தன. கே.எஃப்.சி. 1995-இல் பெங்களூரில் திறந்தது. டோமினோஸும் மெக்டொனால்ட்ஸும் 1996-இல் டெல்லியில் கடை போட்டன. அப்போது அரைமணி நேரத்தில் வீடு தேடி வரும் பீட்சாவே அதிசயம். 2022 மார்ச்சில் 10 நிமிடத்தில் உணவு என்று ஜொமேட்டோ அறிவித்தது. 2024 அக்டோபரில் ஸ்விக்கியும் 'போல்ட்' என்ற பெயரில் அதே 10 நிமிடப் பந்தயத்தில் இறங்கியது.

நிமிடங்களை எங்கே மிச்சம் பிடிப்பது? அரிசி வேகும் நேரத்தைக் குறைக்க முடியாது. போக்குவரத்து சிக்னல் யாருக்காகவும் மாறாது. குறைக்க எளிதானது சரிபார்க்கும் நேரம்தான். பையைக் கட்டுவதற்கு முன் சீட்டை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க 15 நொடி ஆகும். அவசரத்தில் முதலில் பலியாவது அந்த 15 நொடி. விமானிகள் கட்டுப்பாட்டு அறை சொன்னதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய சர்வரும் "ரெண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், காபி சர்க்கரை இல்லாம" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். இரண்டும் ஒரே வித்தை.

எந்திரத்திடம் விட்டுவிட்டால்? மெக்டொனால்ட்ஸ் அதையும் முயன்று பார்த்தது. ஐ.பி.எம். உதவியுடன் 2021 முதல் அமெரிக்காவில் 100-க்கு மேற்பட்ட கடைகளில் செயற்கை நுண்ணறிவு ஆர்டர் கேட்டது. ஐஸ்கிரீமில் பன்றி இறைச்சித் துண்டு சேர்ந்த கதையெல்லாம் வீடியோவாகப் பரவியது. 2024-இல் அந்தச் சோதனை முடித்துக்கொள்ளப்பட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மும்பை டப்பாவாலாக்கள் 1890-லிருந்து வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். கொரோனாவுக்கு முன்பு சுமார் 5,000 பேர் நாள்தோறும் ஏறக்குறைய 2 லட்சம் டப்பாக்களைச் சுமந்தார்கள். பலருக்குப் பள்ளிப்படிப்பு குறைவு. ஒரு டப்பா பல கைகள் மாறும். ஆனாலும் தவறுவது அபூர்வம். ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2010-இல் இதைப் பாடமாகவே எழுதியது. ரகசியம் மூடியில் இருக்கிறது: எந்த ரயில் நிலையம், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்பதைச் சில எழுத்துகளிலும் எண்களிலும் வண்ணங்களிலும் சொல்லிவிடும் குறி. தேவையற்ற ஒரு சொல்கூட அதில் இல்லை. ஒரு டப்பா வழிமாறிப் போவதையே கதையாக்கி 2013-இல் 'தி லஞ்ச்பாக்ஸ்' படம் வந்தது. கதையாகும் அளவுக்கு அது அரிதாக நடப்பது.

அடி யாருக்கு?

தவறு எங்கே நடந்தாலும் வாடிக்கையாளரின் முதல் கோபத்தைச் சந்திப்பவர் வாசலில் நிற்கும் டெலிவரி ஊழியர். மூடி ஒட்டிய பையை அவர் பிரித்துப் பார்க்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியவருகிறது. ஆனாலும் ஏச்சும் குறைந்த நட்சத்திரமும் அவருக்கே.

அடுத்த அடி சமையலறை ஊழியருக்கு. திரும்பி வந்த பிரியாணியின் விலையைச் சம்பளத்தில் பிடிக்கும் கடைகள் உண்டு. சட்டம் அதை அவ்வளவு எளிதில் அனுமதிப்பதில்லை. ஊழியரின் கவனக்குறைவே நேரடிக் காரணம் என்றிருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு காசும் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் இதைத்தான் சொன்னது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆறு கைகளின் தவறை ஒரு கையின் சம்பளத்தில் கழிப்பது சட்டப்படியும் சரியல்ல, கணக்குப்படியும் சரியல்ல. பயந்த ஊழியர் அடுத்த முறை தவறை மறைப்பார், அவ்வளவுதான்.

திருத்த வேண்டியது ஆளை அல்ல, வேலை நடக்கும் முறையை. மெக்டொனால்ட்ஸ் இந்தியாவில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனிச் சமையல் பகுதி, தனி உபகரணம் என்று தொடக்கத்திலிருந்தே பிரித்து வைத்தது. சிறிய கடைக்கு அது கட்டாது. ஆனால் சைவத்துக்கு ஒரு நிறப் பெட்டி, அசைவத்துக்கு வேறு நிறம் என்று வைப்பதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. "வேண்டாம்" என்பவற்றைச் சீட்டின் கடைசியில் போடாமல் தலையில் பெரிய எழுத்தில் அச்சடிக்கலாம். சமைத்தவரே பை கட்டாமல் வேறொருவர் சரிபார்க்கலாம்.

உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. பழைய முகவரியை மாற்றாமல் பட்டனைத் தட்டுவதும், போனில் பேசிக்கொண்டே கல்லாவில் ஆர்டர் சொல்வதும் கடைக்காரர் செய்யும் தவறுகள் அல்ல. ஒவ்வாமை என்றால் அதைக் குறிப்பாக எழுதுவதோடு நிறுத்தாமல் கடைக்குப் போன் செய்து சொல்லிவிடுவது நல்லது. பார்சலை வாங்கியதும் மூடியைத் திறந்து பாருங்கள், குறிப்பாகக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன். தவறு என்றால் சாப்பிடாமல், பில்லோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு ஆண்டுக்குள் உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள வாங்கலுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையை யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை மட்டும் யோசியுங்கள். பையோடு நிற்கும் அந்த இளைஞர் உங்கள் குழம்பில் உப்புப் போட்டவர் அல்ல.