ஏப்ரல் ஒன்று அல்ல, கால்! பேத்திக்குப் பின்னம் சொல்லித் தந்த எக்ஸெல்

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் பிள்ளைகளுக்கு விளையாட்டையும் வீடியோவையும் தவிர வேறு என்ன பயன் என்று நண்பர்கள் பலர் கேட்பதுண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பேத்தியின் பின்னக் கணக்குதான் அதைத் தீர்த்து வைத்தது.

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோடு பக்கம். பேத்தி நாலாம் வகுப்பு படிக்கிறாள். மகனும் மருமகளும் வேலை முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வீடு வந்து சேர ஏழரை மணி ஆகிவிடும். அதுவரை வீட்டுப் பாடம் என் பொறுப்பு. கூடவே பக்கத்து வீட்டுப் பையனும் வந்து உட்காருவான்.

ஒரு நாள் மொபைலில் பின்னங்களை ஒப்பிடும் வினாடி வினா ஒன்றை ஆடிவிட்டு, "தாத்தா, பத்துக்கு ஏழு!" என்று ஓடி வந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அன்று இரவு அவள் பாட்டி அடை வார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அடையில் 1/4 வேணுமா, 1/8 வேணுமா?" என்று சும்மா கேட்டேன்.

"1/8 தாத்தா. எட்டுதானே பெரிசு!"

மறுநாள் அதே வினாடி வினாவைத் திறந்து, வந்த ஜோடிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 3/4, 1/2, 5/6, 2/3, 5/8, 3/8, 7/8, 1/4... "பெரிய எண் எதில் இருக்கிறதோ அதுவே பெரிய பின்னம்" என்ற தப்பான விதியை வைத்துக்கொண்டே இவற்றுக்கெல்லாம் சரியான விடை சொல்லிவிடலாம்! 1/4, 1/8 போன்ற ஜோடிகள் வரும்போதுதான் மாட்டிக்கொள்வோம். புரோகிராம் சரி, தப்பு என்று மட்டும் சொல்கிறது. குழந்தை எந்த வழியில் அந்த விடைக்கு வந்தாள் என்று அதற்குத் தெரியாது.

இதை அவளிடம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்போ அந்த ஏழும் தப்பா தாத்தா? எனக்குக் கணக்கே வராதா?" என்றாள். நாலாம் வகுப்புக் குழந்தை வாயில் இந்த வார்த்தை வந்துவிட்டால் பிறகு எடுப்பது கஷ்டம். அன்றைக்கே பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

எக்ஸெலில் ஒரு பின்னச் சுவர்

இதற்கு பார்முலா எதுவும் தேவையில்லை. நீங்களும் கூடவே செய்து பாருங்கள்.

1. புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து, பி காலம் முதல் ஒய் காலம் வரை செலக்ட் செய்யுங்கள். மொத்தம் 24 காலங்கள். ரைட் கிளிக் செய்து காலம் வித்தில் 3 என்று கொடுங்கள். எல்லாம் ஒரே அகலமான சின்னக் கட்டங்களாகிவிடும்.

2. முதல் வரிசையில் 24 கட்டங்களையும் செலக்ட் செய்து, ஹோம் டேப்பில் உள்ள மெர்ஜ் அண்ட் சென்டர் பட்டனை அழுத்துங்கள். இதுதான் 'முழு 1'.

3. இரண்டாம் வரிசையில் 12, 12 கட்டங்களாக இரண்டு துண்டுகள். மூன்றாம் வரிசையில் 8 கட்டங்களாக மூன்று துண்டுகள். அடுத்து 6 கட்டங்களாக நான்கு, 4 கட்டங்களாக ஆறு, 3 கட்டங்களாக எட்டு, 2 கட்டங்களாகப் பன்னிரண்டு. ஒவ்வொரு வரிசையிலும் முதல் துண்டை மட்டும் மெர்ஜ் செய்து, அதைக் காப்பி எடுத்து அடுத்தடுத்து பேஸ்ட் செய்தால் வேலை சீக்கிரம் முடியும்.

4. முழுவதையும் செலக்ட் செய்து ஆல் பார்டர்ஸ் கொடுங்கள். சுவர் தயார்.

லிப்ரே ஆபீஸ் கால்க் வைத்திருப்பவர்கள் பார்மட் மெனுவில் மெர்ஜ் வசதியைத் தேடிக்கொள்ளலாம்.

இனி ஏ காலத்தில் பின்னத்தின் பெயரை எழுத வேண்டும். நான் 1/4 என்று டைப் செய்து என்டர் தட்டினேன். திரையில் ஏப்ரல் ஒன்று என்று தேதி வந்து நின்றது! "கம்ப்யூட்டரே உங்களை ஏப்ரல் ஃபூல் பண்ணிடுச்சு தாத்தா" என்று பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். முதல் நாள் வாடிய முகம் அப்போதுதான் மலர்ந்தது. சாய்கோட்டைப் பார்த்ததும் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்கிறது. தப்பிக்க வழி சுலபம். முதலில் 0, பிறகு ஒரு ஸ்பேஸ், அதன் பிறகு 1/4 என்று டைப் செய்யுங்கள். பின்னமாகவே நிற்கும்.

முதலில் சொல், பிறகு கலர்

சுவர் தயாரானதும் கலர் பக்கெட்டை அவளிடம் கொடுத்தேன். அது நான் செய்த தப்பு. அரை மணி நேரம் ரோஸா, ஊதாவா என்பதிலேயே போய்விட்டது. மறுநாள் ஒரு சட்டம் போட்டேன். எது பெரிசு, ஏன் என்று நோட்டில் எழுதிய பிறகுதான் மவுஸைத் தொடலாம்.

1/4, 1/8 ஜோடிக்கு வழக்கம்போல் 1/8 என்றுதான் எழுதினாள். கலர் அடித்ததும் நாலாவது துண்டு 6 கட்டம், எட்டாவது துண்டு 3 கட்டம் என்று கண்ணெதிரே தெரிந்தது. "நிறையப் பேருக்குப் பங்கு போட்டா துண்டு சின்னதாயிடும்" என்று அவளே சொன்னாள்.

அடுத்த வாரம் புது விதி முளைத்தது. "கீழே சின்ன எண் இருந்தா அதுதான் பெரிசு." 1/4, 3/8 ஜோடியைக் கொடுத்தேன். 1/4 என்று எழுதினாள். கலர் அடித்தால் 6 கட்டமும் 9 கட்டமும்! துண்டின் அளவோடு எத்தனை துண்டு என்பதையும் பார்க்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

பக்கத்து வீட்டுப் பையன் மாட்டிக்கொண்டது 3/4, 5/6 ஜோடியில். "ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது, அதனால சமம்" என்றான். குறைகிற துண்டுகளைச் சுவரில் காட்டினேன். ஒன்று 6 கட்டம், மற்றது 4 கட்டம். குறைவது சின்னதாக இருந்தால் மீதி பெரிதுதானே! அவன் நோட்டில் படம் போட்டபோது ஒரு முழுவைச் சின்னதாகவும் இன்னொன்றைப் பெரிதாகவும் வரைந்திருந்தான். ஒப்பிடும்போது முழு ஒரே அளவாக இருக்க வேண்டும். எக்ஸெல் சுவரில் அந்தத் தப்புக்கு இடமே இல்லை.

நம் பாட்டன்மார் சொன்ன பெயர்

வகுப்பில் இவர்கள் 'ஒன் பை எய்ட்' என்று படிக்கிறார்கள். காதில் முதலில் ஒன்றும் பிறகு எட்டும் விழுகின்றன. எட்டில் துண்டு போட்டது காதில் விழுவதில்லை. தமிழில் 1/8-க்கு அரைக்கால் என்று பெயர். காலில் பாதி! பெயரைச் சொன்னாலே எது பெரிசு என்பது தெரிந்துவிடுகிறது. அதிலும் பாதியான 1/16 வீசம். 3/8-ஐ 'எட்டில் மூன்று' என்று படித்தால், முதலில் எட்டாக வெட்டு, பிறகு மூன்றை எடு என்று செய்முறையே வந்துவிடுகிறது. இப்போது இரண்டு மொழியிலும் சொல்லச் சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) போன்ற பழைய தமிழ்ப் பின்னக் குறியீடுகள் 2019-இல் வெளியான யூனிகோட் 12.0-இல் இடம்பெற்றுவிட்டன. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்ற இலவச எழுத்துருவை இன்ஸ்டால் செய்தால் அவற்றைத் திரையில் பார்க்கலாம்.

சில குறிப்புகள்

ஜோடிகளைக் கண்டபடி கொடுக்காதீர்கள். தப்பான விதி மாட்டிக்கொள்ளும் ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள். 1/3, 1/6, 2/3, 3/8, 1/4, 3/8, 3/4, 5/6, இந்த நான்கே நிறையச் சொல்லிவிடும்.

பாதியை அளவுகோலாக வைக்கப் பழக்குங்கள். 3/8 பாதிக்குக் குறைவு, 4/6 பாதிக்கு மேல். கலர் அடிக்காமலே விடை வந்துவிடும்.

24 கட்டச் சுவரில் ஐந்தில் பங்கு போட முடியாது. அதற்கு 120 கட்டங்கள் எடுத்து அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய வகுப்பு வரும்போது இந்தக் கட்டங்களே உதவும். 3/8 என்பது 9/24, 1/4 என்பது 6/24. பகுதிகளைச் சமமாக்குவது என்று புத்தகத்தில் வருவது இதைத்தான்.

எக்ஸெல் இல்லாதவர்கள், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய பெட் திட்டத்தின் 'பிராக்‌ஷன்ஸ் இன்ட்ரோ', 'பிராக்‌ஷன் மேட்சர்' ஆகியவற்றை பிரவுசரிலேயே இலவசமாக இயக்கலாம்.

மூன்று வாரம் கழித்து மானிட்டரை அணைத்துவிட்டு, வெறும் நோட்டில் பத்து ஜோடி கொடுத்தேன். பேத்தி எட்டு சரியாகப் போட்டாள். தப்பான இரண்டும் ஏழில் பங்கு வரும் கணக்குகள். மார்க் முன்பைவிட ஒன்றுதான் அதிகம். ஆனால் எட்டுக்கும் பக்கத்தில் 'ஏன்' எழுதியிருந்தாள். "அந்த ஏழும் தப்பா?" என்று அன்று கேட்டாளே, அதற்கு எனக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. விடை தப்பில்லை கண்ணு, வழிதான் தப்பு. வழியை மாத்திக்கலாம்.

நோட்டை மூடும்போது அவள் எனக்கு ஒரு கணக்குப் போட்டாள். "7/8, 11/12. எது பெரிசு தாத்தா? முதல்ல சொல்லுங்க, அப்புறம்தான் கலர்!" நீங்களும் சொல்லிவிட்டுச் சுவரைப் பாருங்கள்.